குட்டி விமானத்தில் இரண்டு சிநேகிதிகள்

சிங்கவரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. நாலு பக்கக் கடிதம். அதில் மூன்றே முக்கால் பக்கம் அவருடைய சிநேகிதியைப் பற்றியது. கேள்வி என்னவோ கடைசிக் கால் பக்கத்தில்தான் வருகிறது. பெண்கள் எழுதும் நல்ல கடிதங்களெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். இருவரும் செஞ்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சனிக்கிழமைதோறும் சிங்கவரம் மலைப்படி ஏறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பாறைமேல் உட்கார்ந்து செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்றவர்கள். ஒருத்தி கல்யாணமாகி ஊரிலேயே தங்கிவிட்டாள். மற்றவள் நர்ஸ் வேலைக்குப் படித்துக் கனடாவுக்குப் போய் நாற்பது வருஷமாகிறது. இப்போது ஓய்வு பெற்று எட்மன்டன் நகரத்தில் இருக்கிறாள். “நீ வா. இரண்டு பேரும் வடக்கே போகலாம். ரோடே இல்லாத இடம். குட்டி விமானத்தில் போய் ஆற்றில் இறங்க வேண்டும். டிக்கெட் என் பொறுப்பு” என்று அழைத்திருக்கிறாள்.

நம் சகோதரிக்கு வயது அறுபத்தொன்று. ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், “இந்த வயசில் உனக்கு எதற்கம்மா இந்த விபரீதம்?” என்று கேட்டதோடு, உலகத்தில் எங்கெங்கே எந்தெந்தச் சிறிய விமானம் விழுந்ததோ அந்தச் செய்திகளையெல்லாம் தேடிப் பிடித்துத் தினம் ஒன்றாகக் கைபேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். கணவர் எதிர்ப்புச் சொல்லவில்லை. “காலைக் காபி யார் போடுவார்கள்?” என்று மட்டும் கேட்டாராம். “போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்கிறார் சகோதரி.

போய் வாருங்கள்.

ஒரு வார்த்தை கேட்டவருக்கு இரண்டு வார்த்தையாகப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதோடு பேனாவை மூடிவிட்டால் மகன் என்னைச் சும்மா விடமாட்டார். ஆகையால் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம். மற்ற சகோதரிகளும் கேட்டுக்கொண்டிருங்கள். உங்களுக்கும் கனடாவில் ஒரு சிநேகிதி இருக்கலாம்.

சிநேகிதி குறிப்பிட்டிருக்கும் இடம் நஹானி. கனடாவின் வடமேற்குப் பிரதேசம் என்று ஒன்று உண்டு. பரப்பில் நம் தமிழ்நாட்டைப்போல் பத்து மடங்கு. ஜனத்தொகையோ 50,000-க்கும் குறைவு. அங்கே மலையும் நதியுமாகக் கிடக்கிற ஒரு பெரிய காட்டைத் தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அதுதான் நஹானி. பூங்கா என்றதும் சிமெண்டு பெஞ்சும் ஐஸ்கிரீம் வண்டியும் ஞாபகத்துக்கு வரக்கூடாது. 30,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் போக ஒரு ரோடு கிடையாது. நதி வழியாகத் தோணியில் போகலாம், அல்லது ஆகாய மார்க்கமாகப் போகலாம். அவ்வளவுதான் வழி.

சகோதரிக்கு ஒரு சந்தோஷமான சமாசாரம். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று பட்டியல் போட்டபோது உலகம் முழுவதிலும் பன்னிரண்டே இடங்கள்தான் அதில் இருந்தன. அவற்றில் நஹானி ஒன்று. 2025 ஜூலையில் அதே பட்டியலில் மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டு சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; பன்னிரண்டாவது நம் செஞ்சிக் கோட்டை. ஆக, நீங்கள் ஒரு புராதனச் சின்னத்திலிருந்து புறப்பட்டு இன்னொன்றுக்குப் போகிறீர்கள். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மசிய மாட்டார், இருந்தாலும் சொல்லி வையுங்கள்.

எட்மன்டனிலிருந்து பெரிய விமானத்தில் யெல்லோநைஃப். அங்கிருந்து சிறிய விமானத்தில் ஃபோர்ட் சிம்ப்சன் என்ற சிற்றூர். இது இரண்டு பெரிய நதிகள் கூடும் இடத்தில் இருக்கிறது. மெக்கன்ஸி ஒன்று, லியார்ட் ஒன்று. இங்கேதான் நீங்கள் குட்டி விமானத்தில் ஏறவேண்டும். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீண்ட ஓடங்களைப்போல் மிதவைகள் அடியில் இருக்கும். தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும்.

அந்த ஊர்க்காரர்கள் மனித நடமாட்டமில்லாத காட்டை ‘புஷ்’ என்பார்கள். அதனால் இவற்றுக்குப் புஷ் விமானம் என்று பெயர். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அங்கே இது அப்படி. தபால், மாவு மூட்டை, மருந்து, டாக்டர், பிரசவ வேதனையில் இருக்கும் பெண், பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லாரும் எல்லாமும் இதில்தான் போகவேண்டும். இந்த ஜாதியில் பெயர் பெற்றது ‘பீவர்’ என்ற விமானம். 1947-ல் கனடாவில் முதன்முதலாகப் பறந்தது. 1967 வரை 1,600-க்கும் மேல் செய்தார்கள். அவற்றில் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இதை வரைந்த இஞ்சினீயர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். காட்டில் பறக்கும் விமானிகளிடமே போய், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்கள். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்குக் கதவு அகலமாக இருக்கிறது. இஞ்சினுக்கு எண்ணெய் குறைந்தால் விமானி தம் ஆசனத்தை விட்டு எழுந்திருக்காமலே, பறந்துகொண்டிருக்கும்போதே ஊற்றிக்கொள்ளலாம். சமையலறையைக் கட்டுகிறவர்களும் சமைக்கிறவளிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பீவருக்கு அண்ணன் முறையாக ‘ஆட்டர்’ என்று சற்றுப் பெரிய விமானத்தையும் அதே கம்பெனி செய்தது. அது நம் நாட்டு விமானப்படையிலும் வெகுகாலம் இருந்தது. அருணாசலப் பிரதேசம் என்று இன்று நாம் சொல்லும் மலைநாட்டில், ரோடு போய்ச் சேராத பள்ளத்தாக்குகளுக்கு அரிசியும் உப்பும் ஆட்களும் கொண்டுபோய் இறக்கியது. ஆகவே இது ஏதோ சீமைப் பைத்தியக்காரத்தனம் என்று எண்ண வேண்டாம்.

மேலும், சிங்கவரத்துக்காரர்களுக்கு ஆகாயப் பிரயாணம் புதிதா என்ன? டில்லி பாதுஷாவின் லாயத்தில் எவருக்கும் அடங்காமல் நின்ற குதிரையைத் தேசிங்கு ராஜன் அடக்கின கதையைப் பாடுகிறவர்கள், அந்தப் பாராசாரிக் குதிரை தரையில் ஓடியது என்றா பாடுகிறார்கள்? ஆகாயத்தில் பாய்ந்தது என்றல்லவா பாடுகிறார்கள்! பக்கத்தில் இன்னொரு குதிரையின்மேல் பிராண சிநேகிதன் மகபத்கான்.

தேசிங்கின் பெயரை எடுத்த பிறகு, மகனுடைய பயத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்நூறு பேர் போகிற பெரிய விமானத்தைவிட ஆறு பேர் போகிற குட்டி விமானத்தில் அபாயம் அதிகம்தான். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். ஆனால் அந்த அபாயம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். இந்த விமானங்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பறப்பவை. இதோ நதி, அதோ மலை, இந்தப் பள்ளத்தாக்கில் திரும்ப வேண்டும் என்று விமானி தரையைப் பார்த்துக்கொண்டே போவார். மேகம் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிவிட்டால் மலை எது, வெளி எது என்று தெரியாது. மேகத்தைக் கண்டவுடன் திரும்பிவிடுகிற விமானி கிழவராகும் வரை பறக்கிறார். “இன்னும் பத்து நிமிஷம்தானே, போய்விடலாம்” என்று எண்ணியவர்களுக்குத்தான் பெரிய ஆபத்துக்கள் நேர்ந்திருக்கின்றன.

இதைச் சிங்கவரத்துக் குழந்தைகூடச் சொல்லும். பாறையைக் குடைந்து ஆக்கிய அந்தச் சந்நிதியில், இருபத்துநாலு அடி நீளத்துக்கு ஒரே கல்லில் பள்ளிகொண்டிருக்கிறார் ரங்கநாதர். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடைய சேனை வந்தபோது தேசிங்கு அவரிடம் உத்தரவு கேட்கப் போனான். பெருமாள் ‘வேண்டாம்’ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஐதீகம். அவன் கேட்கவில்லை. குதிரை ஏறினான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்த சிநேகிதனும் மடிந்தான், அவனும் மடிந்தான். அவனுக்கு வயது இருபத்திரண்டுதான் என்பார்கள். அதற்குப் பிறகு அந்த இளம் மனைவி தீக்குளித்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. வீரத்தைப் பாடுகிறோம், பாட வேண்டியதுதான். ஆனால் அந்தத் திரும்பிய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வரும்.

இதற்கு நேர்மாறாக நடந்த சம்பவம் ஒன்று, நீங்கள் போகப்போகிற ஃபோர்ட் சிம்ப்சனிலேயே உண்டு. 1984 செப்டம்பரில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அந்த ஊருக்கு வருவதாக இருந்தது. எங்கெங்கிருந்தோ பழங்குடி மக்கள் தோணியிலும் வண்டியிலும் வந்து கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். அன்று காலை மூடுபனி. போப்பாண்டவரின் விமானம் இறங்க முடியவில்லை. யெல்லோநைஃபுக்குத் திரும்பிவிட்டது. உலகத்துக் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் தலைவர். ஆயிரக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருந்தும் பனி ‘வேண்டாம்’ என்றது, விமானி கேட்டுக்கொண்டார். போப்பாண்டவர், “மறுபடி வருகிறேன்” என்று வாக்குக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து 1987 செப்டம்பரில் சொன்னபடியே அங்கே வந்து இறங்கினார்.

ஆகையால் தம்பி, அம்மாவைத் தடுப்பதைவிட இதைச் செய்யுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட்டுக் கொடுங்கள். அவசரம் இல்லாத பிரயாணிதான் விமானியை அவசரப்படுத்த மாட்டாள். ஃபோர்ட் சிம்ப்சனில் இரண்டு நாள் மழையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நதியைப் பார்த்துக்கொண்டு பழங்கதை பேசட்டும். நாற்பது வருஷக் கதை இருக்கிறதே, இரண்டு நாள் போதுமா? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விமானம் எந்த வழியாகப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். குறித்த நேரத்துக்கு வரவில்லை என்றால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ கருவி உள்ளே இருக்கும். வழியில் எங்காவது தங்கும்படி நேர்ந்தால் வேண்டிய சாமான்களும் இருக்கும்.

இனி சிநேகிதி விஷயம். சகோதரி மூன்றே முக்கால் பக்கம் எழுதியது வீண் போகக்கூடாதல்லவா?

வட பிரதேசத்து ஆகாயக் கதைகளைப் படித்துப் பாருங்கள், இரண்டு இரண்டு பேராகவே வருவார்கள். 1929 ஜனவரி 2-ஆம் தேதி எட்மன்டனிலிருந்து இரண்டு சிநேகிதர்கள் புறப்பட்டார்கள். வாப் மே ஒருவர், விக் ஹார்னர் மற்றவர். வடக்கே ஒரு குக்கிராமத்தில் டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் கண்டுவிட்டது. அங்கிருந்த டாக்டர் எழுதிய சீட்டு பனியில் வண்டி வண்டியாக மாறித் தந்தி ஆபீசுக்கு வந்து சேரவே பல நாளாயிற்று. இனி மருந்தும் அதே வழியில் போனால் குழந்தைகள் பிழைக்குமா? மேல்கூரை இல்லாத ஒரு சின்னஞ்சிறு விமானம். நடுங்கும் குளிர். மருந்து உறைந்துபோகாமல் இருக்கக் கரியடுப்பு வைத்துக் கம்பளியால் சுற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தையைப்போல அந்த மூட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தபோது எட்மன்டனில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் விமானத்தளத்தில் கூடிவிட்டார்கள். குளிரில் இவர்கள் கைகால் மரத்து இறங்கவே முடியவில்லை.

நம் நாட்டில் 1948 மே 24-ஆம் தேதி நடந்ததும் இப்படித்தான். லடாக்கில் லே நகரம் எதிரி கையில் விழும் தறுவாயில் இருந்தது. உள்ளூர் இஞ்சினீயர் சோனம் நோர்பு ஜனங்களைக் கூட்டிக்கொண்டு மணலைச் சமன்படுத்தி ஓர் ஓடுபாதை போட்டிருந்தார். கடல் மட்டத்துக்கு மேல் பத்தாயிரம் அடிக்கும் அதிகமான உயரம். அதற்கு முன் விமானம் இறங்காத இடம். வழிகாட்டச் சரியான படம்கூடக் கிடையாது. ஏர் கமடோர் மேஹர் சிங் டக்கோட்டா விமானத்தை ஓட்டினார். கூடப் போனவர் ஜெனரல் திம்மய்யா. படைத் தலைவர் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் “நானும் வருகிறேன்” என்று ஏறி உட்கார்ந்தார் பாருங்கள், அந்த ஒரு காரியம் நூறு உத்தரவுக்குச் சமானம். பின்னால் துருப்புக்கள் விமானத்தில் வந்து இறங்கின, லே பிழைத்தது.

இவையெல்லாம் ஆண்பிள்ளைகள் கதை என்று நினைக்கிறீர்களா? எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெண்ணின் பிரயாணம்தான்.

சார்லஸ் லிண்ட்பர்க் 1927-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாகத் தாண்டி உலகப் புகழ் பெற்றவர். அந்தத் ‘தனி’ மனிதர் 1931-ல் வடக்கே புறப்பட்டபோது தனியாகப் போகவில்லை. மனைவி ஆன் கூடப் போனாள். கணவன் ஓட்டுவான், மனைவி வேடிக்கை பார்ப்பாள் என்ற கதையல்ல இது. ஆன் அதற்காகவே ரேடியோத் தந்தி கற்றுப் பரீட்சை கொடுத்தாள். முன் ஆசனத்தில் அவர், பின் ஆசனத்தில் அவள். பறக்கும்போது நீளமான கம்பி ஒன்றைக் கீழே தொங்கவிட வேண்டும். அதுதான் ரேடியோவுக்கு ஏரியல். இறங்குவதற்கு முன் அதைக் கையாலேயே சுற்றி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். கட்டுக் கட்டாகச் செய்தி அனுப்பி, பதில் வாங்கி, வானிலை கேட்டு எழுதிக்கொடுத்ததெல்லாம் அவள்தான். கனடாவின் வடக்கு ஏரிகள், அலாஸ்காவின் உச்சியில் பாரோ முனை, பிறகு ஸைபீரியா, ஜப்பான், சீனா என்று போனார்கள்.

பாரோ முனையில் சாமான் கப்பல் பனிக்கட்டியில் சிக்கி வந்து சேரவில்லை. அங்கிருந்தவர்கள் தங்கள் கையிருப்பைச் சேர்த்துப்போட்டு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு செய்தார்கள். நோம் நகரம் போகும் வழியில் இருட்டிவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? பேசாமல் ஓர் ஆழமில்லாத கடல் கழியில் இறங்கி, விமானத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டு மறுநாள் போனார்கள். மூடுபனி வந்தபோது ஒரு தீவின் ஓரத்தில் இறங்கினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய மகாவீரர் இருட்டைக் கண்டால் இறங்கிவிடுகிறார், தம்பி கவனிக்க வேண்டும்!

ஆன் கிளம்பியபோது வீட்டில் ஒரு வயதுக் குழந்தை. பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போனாள். ஊரார் எத்தனை பேசியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். (அந்தக் குழந்தைக்குப் பிறகு நேர்ந்தது உலகம் அறிந்த சோகம். பிரயாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இங்கே இழுக்க வேண்டாம்.) 1935-ல் அவள் அந்தப் பிரயாணத்தைப் புத்தகமாக எழுதினாள். பெயர் ‘கிழக்கே போக வடக்கே’ என்று தமிழில் சொல்லலாம். சாமான் கட்டும் சிரமத்தைப் பற்றி அவள் எழுதியிருப்பதைப் படித்தால் நம் வீட்டுப் பெண் எழுதியதுபோலவே இருக்கும். எதை எடுத்தாலும் தராசு. எதை வைப்பது, எதை விடுவது?

நம் பக்கத்திலும் உண்டு. உஷா சுந்தரம் தம் கணவர் வி. சுந்தரத்துடன் 1951-ல் சென்னை அரசாங்கத்துக்காக ‘டவ்’ என்ற சிறிய விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். நான் இதைச் சொன்னபோது என் பக்கத்து வீட்டு மாமி, “இருபத்தேழு மணி நேரம் புருஷனோடு சண்டை போடாமலா?” என்று கேட்டார். அதுவே பெரிய சாதனை என்பது அவர் அபிப்பிராயம்.

தராசு என்றதும் ஞாபகம் வருகிறது. சகோதரி, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறுமுன் உங்களை நிறுத்துப் பார்ப்பார்கள். பெட்டியை மட்டுமல்ல, உங்களையும்! யார் எவ்வளவு கனம் என்று பார்த்துத்தான் யார் முன்னே, யார் பின்னே என்று உட்கார வைப்பார்கள். வண்டி பாரம் சரியாக இருந்தால்தான் மாடு இழுக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே உண்மையான எடையைச் சொல்லிவிடுங்கள். நாம் கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லிக்கொள்ளக் கூடிய இடம் அதுவல்ல.

புடவை வேண்டாம். நான் புடவைக்கு விரோதியல்ல. ஆனால் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் மிதவைமேல் கால் வைத்து, சிறிய ஏணியில் ஏறி உள்ளே நுழைய வேண்டும். சல்வாரோ கால்சட்டையோதான் சரி. ஒரே தடிமனான கம்பளியைவிட மெல்லிய கம்பளிகள் இரண்டு மூன்றாக இருக்கட்டும், வேண்டும்போது கழற்றலாம். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கொசு உண்டு, சாமான்யக் கொசு அல்ல! கைநீளச் சட்டையும் கொசு மருந்தும் அவசியம். விமானத்துக்குள் சத்தம் பலம். காதுக்கு மாட்டிக்கொள்ளக் கருவி கொடுப்பார்கள். அதன் வழியாகத்தான் சிநேகிதியோடு பேச முடியும், விமானியும் கேட்பார், ஆகையால் நாட்டுப்பெண்ணைப் பற்றிய பேச்சை இறங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. புறப்படுமுன் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். குடல் புரட்டாமல் இருக்க வாயில் ஒரு துண்டு சுக்கோ உலர்ந்த நாரத்தங்காயோ அடக்கிக்கொள்ளலாம். தொலைவில் ஒரு மலையையே பார்த்துக்கொண்டிருப்பதும் உதவும்.

உயிர்காப்புச் சட்டையை மட்டும் வேடிக்கையாக எண்ண வேண்டாம். சிறிய மிதவை விமானங்களில் பிரயாணிகள் அதை மாட்டிக்கொண்டே பறக்கவேண்டும் என்று கனடா 2019-ல் விதி செய்தது. கிளம்புமுன் இரண்டு காரியம் பார்த்து வையுங்கள். உங்களுக்குப் பக்கத்துக் கதவு எது, அதன் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது? கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். விமானம் தண்ணீரில் கவிழ்ந்தால் வெளியே வந்த பிறகுதான் சட்டையில் காற்றை நிரப்ப வேண்டும். உள்ளேயே நிரப்பினால் கூரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகும். இதை விமானியே சொல்லுவார். அவர் சொல்லும்போது போட்டோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் நானும் சொல்லிவைக்கிறேன்.

ஃபோர்ட் சிம்ப்சனிலிருந்து ஒன்றரை மணி நேரம் போலப் பறந்தால் வர்ஜீனியா அருவி. நயாகராவைப்போல் இரு மடங்கு உயரம், 96 மீட்டர். நட்ட நடுவே ஒரு பெரும் பாறை கூர்மையாக நின்று நீரை இரண்டாகப் பிளக்கிறது. பாறைகளுக்கு நடுவே பிறந்த உங்களுக்கு அதைப் பார்த்தவுடன் பிடித்துவிடும். விமானம் இறங்குவது அருவிக்குக் கீழே அல்ல, மேலே! நதி இன்னும் அமைதியாக ஓடுகிற இடத்தில். “அருவியை நோக்கி ஓடும் நதியிலா?” என்று பதற வேண்டாம். தினமும் இறங்குகிறவர்கள்தான். இறங்கிக் கரையேறிப் பலகைப் பாதை வழியாக நடந்து போனால் முதலில் சத்தம் கேட்கும், பிறகு சாரல், அப்புறம்தான் அருவி.

அங்கத்திய தெனே மக்கள் தங்கள் பாஷையில் அதற்குப் பழைய பெயர் வைத்திருக்கிறார்கள். 1928-ல் ஃபென்லி ஹன்டர் என்ற அமெரிக்கர் அங்கே வந்து, வீட்டில் விட்டுவந்த தம் பெண் குழந்தையை நினைத்து வர்ஜீனியா என்று பெயர் சூட்டினார். பக்கத்துப் பள்ளத்தாக்குகளின் பெயர்கள் அவ்வளவு மங்களகரமாக இல்லை. செத்தவர் பள்ளத்தாக்கு, தலையில்லா ஓடை என்றெல்லாம் இருக்கும். தங்கம் தேடிப்போன சகோதரர் இருவரின் உடல்களைத் தலையில்லாமல் 1908-ல் கண்டெடுத்தார்களாம். இந்தப் பாராவை மகன் கண்ணில் படாமல் கிழித்துவிடுங்கள்.

கடைசியாகக் கணவர் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. முந்தின இரவே டிகாக்ஷன் இறக்கி வைக்கும் விதத்தை ஒரு காகிதத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். எத்தனை கரண்டித் தூள், தண்ணீர் எந்தக் கோடு வரை, பாலை எப்போது இறக்குவது என்று நம்பர் போட்டு எழுதுங்கள். ஃபில்டரில் தூளை ரொம்ப அழுத்தக் கூடாது என்பதை மட்டும் சிவப்பு மசியில் அடிக்கோடிடுங்கள். முதல் நாள் கழுநீர் மாதிரி இருக்கும். நாலாம் நாள் அவரே பக்கத்து வீட்டுக்காரரைக் காபி சாப்பிடக் கூப்பிடுவார்.